கதவைத் திறக்கும் முன்: பேரிடர் வேளையில் காவல்துறையின் திட்டமும் நமது பொறுப்பும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், நமது மஹல்லாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அவரது விருப்பத்திற்கிணங்கப் பெயர் வெளியிடப்படவில்லை.)





ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டு, வரவு செலவுக் கணக்கும் ஏற்கப்பட்ட பின்னர், எனக்கு அரைமணி நேரம் தந்திருக்கிறீர்கள். காவல்துறையில் பல்லாண்டுகள் கழித்தவன் என்ற முறையில், பெரும் ஆபத்து நேரும்போது காவல்துறை எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பெருநாள் தொழுகைக்கு ஆண்டுதோறும் கூட்டம் பெருகி வருகிறது. திடலோ பழைய திடல்தான். வாசலும் பழைய வாசல்தான். ஆகவே இது நமக்குத் தொடர்பில்லாத செய்தி அன்று.

பேரிடர் என்பது யாது?

ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அது விபத்து. ஒரு தீயணைப்பு வண்டி வந்து அணைத்துவிடும். வழக்கமான ஆட்களையும் வழக்கமான ஏற்பாடுகளையும் கொண்டு சமாளிக்க முடியாத அளவுக்கு ஒரு நிகழ்வு வளரும்போதுதான் அதனைப் பேரிடர் என்கிறோம். அப்போது காவல்துறை, தீயணைப்புத் துறை, மருத்துவத் துறை, உள்ளாட்சி ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் இடையூறின்றிப் பணியாற்ற வேண்டியதாகிறது. சொல்வதற்கு எளிது, செய்வதற்கு மிக அரிது.

நமது நாட்டில் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியதற்குப் பின்னர், 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட ஆட்சியரின் தலைமையில் ஓர் ஆணையம் உண்டு. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் தலைமை மருத்துவ அதிகாரியும் அதில் உறுப்பினர்கள். பிரிட்டனில் 2004ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச் சட்டம் செய்தார்கள். அங்கே ஒவ்வொரு காவல் எல்லையையும் ஒரு வட்டாரமாகக் கொண்டு, எல்லாத் துறையினரும் ஒன்றாக அமர்ந்து திட்டம் வகுக்கிறார்கள். இவர்கள் நேரில் கூடி ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆபத்து நேர்ந்த அன்று முதன்முதலாக அறிமுகம் செய்துகொள்வோர் சேர்ந்து பணியாற்றுவது கடினம்.

தங்கம், வெள்ளி, வெண்கலம்

பேரிடரில் முதலில் எழும் கேள்வி, கட்டளையிடுவது யார் என்பதே. 1985ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிராட்வாட்டர் ஃபார்ம் என்னும் குடியிருப்பில் பெருங்கலவரம் மூண்டு, காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். மூத்த அதிகாரிகள் பலர் இருந்தும், யார் எதற்குப் பொறுப்பு என்பதில் தெளிவில்லை என்று உணர்ந்த இலண்டன் காவல்துறை, மூன்று நிலைகள் கொண்ட கட்டளை முறையை வகுத்தது.

முதல் நிலைக்குத் 'தங்கம்' என்று பெயர். இவர் நிகழ்விடத்திற்குப் போவதில்லை. தொலைவில் அமர்ந்து, எதனை அடைய வேண்டும், எந்த எல்லையைத் தாண்டக்கூடாது என்பதைத் தீர்மானிப்பார். இரண்டாம் நிலை 'வெள்ளி'. தங்கம் சொன்னதை எவ்வாறு நிறைவேற்றுவது என்று திட்டமிட்டு, ஆட்களையும் கருவிகளையும் பங்கிடுபவர் இவர். மூன்றாம் நிலை 'வெண்கலம்'. களத்தில் நின்று, தமக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் காரியத்தை முடிப்பவர் இவர்.

இதில் பதவியின் உயர்வு தாழ்வைவிடப் பொறுப்பின் தெளிவே முக்கியம். உயரதிகாரி ஒருவர் களத்திற்கு வந்துவிட்டார் என்பதற்காகக் கட்டளை தானாக அவர் கைக்கு மாறிவிடாது. நமது ஊர்களில் ஒரு விபத்து நடந்தால் பத்துப் பேர் பத்துத் திசையில் கட்டளையிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு. இது பின்னர் மற்றத் துறைகளுக்கும் பரவியது.

முதலில் வந்து சேரும் காவலரின் கடமை

இது கேட்போருக்கு வியப்பாக இருக்கும். பேரிடர் நடந்த இடத்திற்கு முதலில் வந்து சேரும் காவலர் ஓடிச் சென்று ஒருவரைத் தூக்கக் கூடாது என்றே பயிற்சியில் கற்பிக்கப்படுகிறது. கண் முன்னே ஒருவர் துடிக்கும்போது இது கல்நெஞ்சம் போலத் தோன்றும். ஆனால் அந்த ஒருவரைத் தூக்கக் குனிந்துவிட்டால், பின்னால் வரவேண்டிய ஐம்பது பேருக்கு வழி சொல்ல ஆள் இருக்காது.

அவர் உடனே கட்டுப்பாட்டு அறைக்கு ஏழு செய்திகளைச் சொல்ல வேண்டும். இது பேரிடர் என்ற அறிவிப்பு, துல்லியமான இடம், என்ன வகை நிகழ்வு, தொடர்ந்து இருக்கும் அபாயங்கள், அதாவது அறுந்த மின்கம்பி, எரிவாயு, இடிந்து விழக்கூடிய சுவர் முதலியன, வாகனங்கள் எந்த வழியாக வந்து எந்த வழியாகத் திரும்ப வேண்டும், பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ எத்தனை பேர், எந்தெந்தத் துறையினர் வந்திருக்கிறார்கள், இன்னும் யார் வேண்டும். இந்த ஏழும் சென்று சேர்ந்துவிட்டால் எல்லாத் துறைகளும் அசையத் தொடங்கும்.

அதன் பிறகு வளையங்கள் அமைக்கப்படும். மீட்போர் மட்டுமே செல்லக்கூடிய உள் வளையம் ஒன்று. பொதுமக்களை நிறுத்தும் வெளி வளையம் ஒன்று. இவற்றுக்கு இடையே ஆம்புலன்ஸ் வந்து திரும்ப ஒரு பாதை எப்போதும் திறந்திருக்க வேண்டும். வேடிக்கை பார்ப்போரும், நல்லெண்ணத்துடன் மோட்டார் சைக்கிளில் விரைந்து வருவோரும் முதலில் அடைத்துவிடுவது இந்தப் பாதையைத்தான்.

ஹில்ஸ்பரோ: எட்டு நிமிடங்கள்

சகோதரர்களே, திட்டம் ஏட்டில் இருப்பது வேறு, மனத்தில் இருப்பது வேறு என்பதற்கு ஒரு துயர நிகழ்வைச் சொல்கிறேன்.

1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்கில், லிவர்பூல் அணிக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கும் கால்பந்து அரையிறுதிப் போட்டி. மாலை 3 மணிக்குத் தொடக்கம். லிவர்பூல் அணியின் ஆதரவாளர்களில் நின்று பார்க்கும் சீட்டுப் பெற்றோர் மட்டும் 10,100 பேர். அவர்கள் அனைவரும் ஏழே ஏழு சுழல் கதவுகள் வழியாக நுழைய வேண்டும். பிற்பகல் 2.30க்கு மேல் வெளியே நெருக்கடி முற்றியது. வெளியே நின்ற காவல் அதிகாரி, பெரிய கதவைத் திறக்காவிட்டால் இங்கே உயிர்கள் போகும் என்று வயர்லெஸ்ஸில் மீண்டும் மீண்டும் வேண்டினார்.

அன்று பொறுப்பில் இருந்த தலைமை அதிகாரி அந்தப் பதவிக்கு வந்து மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. 2.52க்கு அவர் கதவைத் திறக்க உத்தரவிட்டார். வெளியே நெருக்கடி தணிந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் உள்ளே சென்றார்கள். அவர்களுக்கு நேர் எதிரே ஒரு சுரங்க வழி இருந்தது. அது சரிந்து இறங்கி, நடுவிலிருந்த இரண்டு கம்பிவேலி அடைப்புகளுக்குள் கொண்டு சேர்த்தது. அந்த அடைப்புகளோ ஏற்கெனவே நிரம்பி வழிந்தன. இருபுறமும் இருந்த மற்ற அடைப்புகளில் இடம் இருந்தது. ஆனால் அங்கே போகும் வழியை வந்தவர்களுக்குக் காட்ட எவரும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு இதே அரங்கில் நடந்த போட்டியில், நடு அடைப்புகள் நிரம்பியதும் காவலர்கள் அந்தச் சுரங்க வழியை மறித்துக் கூட்டத்தைப் பக்கங்களுக்குத் திருப்பியிருந்தார்கள். அந்த அனுபவம் எழுதப்பட்ட கட்டளையாக மாறவில்லை. ஆட்கள் மாறினார்கள், அறிவும் அவர்களோடு போய்விட்டது.

கதவு திறந்த எட்டாம் நிமிடத்தில் ஆட்டம் தொடங்கியது. 3.06க்கு நிறுத்தப்பட்டது. அதற்குள் முன்வரிசையில் நின்றவர்கள் கம்பிவேலியோடு நசுங்கிக் கொண்டிருந்தார்கள். வேலியேறித் தப்ப முயன்றவர்களைக் கண்டு, ஆட்டத்தைக் கெடுக்க வருகிறார்கள் என்று முதலில் எண்ணினார்கள் காவலர்கள். பேரிடர் என்று அறிவிப்பதில் காவல்துறையும் தாமதித்தது, ஆம்புலன்ஸ் சேவையும் தாமதித்தது. விளம்பரப் பலகைகளைப் பிடுங்கி, அவற்றில் காயமடைந்தோரைக் கிடத்தித் தூக்கிச் சென்றவர்கள் சக பார்வையாளர்களே. அந்த நாளின் விளைவாக மாண்டோர் 97 பேர். இறந்தவர்களில் மிக இளையவருக்கு வயது 10.

இவ்வாறு இறப்போர் மிதிபட்டே இறக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது உண்மையன்று. நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுத்தப்பட்டு, மூச்சை உள்ளிழுக்க இடமின்றி உயிர் போகிறது. பின்னால் தள்ளுகிறவருக்கு முன்னால் நடப்பது தெரிவதே இல்லை. அவர் கெட்டவரும் அல்லர்.

அதன் பின் நேர்ந்த பெரும் பிழை

இதனினும் கொடியது பின்னர் நடந்தது. ரசிகர்களே கதவை உடைத்து நுழைந்தார்கள் என்று அந்தத் தலைமை அதிகாரி சொன்னார். அது பொய். 2015ஆம் ஆண்டு விசாரணையில் அவரே அதனை ஒப்புக்கொண்டார். இறந்தவர்களின் உறவினர்கள் அன்றிரவு உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில், சுவரில் ஒட்டிய புகைப்படங்களிலிருந்து தம் பிள்ளைகளை அடையாளம் காட்ட வேண்டியதாயிற்று. 2012இல் சுயேச்சைக் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கை, காவலர்களின் வாக்குமூலங்கள் 164 திருத்தப்பட்டிருந்ததையும், உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்திருந்தால் 41 பேர் பிழைத்திருக்க வாய்ப்புண்டு என்பதையும் வெளிப்படுத்தியது. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று நடுவர் குழு, இவை சட்டத்திற்குப் புறம்பான மரணங்கள் என்றும், ரசிகர்கள்மீது பழியில்லை என்றும் தீர்ப்பளித்தது. அந்தத் தலைமை அதிகாரிமீது தொடுக்கப்பட்ட வழக்கில் 2019இல் அவர் விடுவிக்கப்பட்டார்.

பெற்றோர்கள் உண்மைக்காக 27 ஆண்டுகள் காத்திருந்தார்கள். இதிலிருந்து நான் கற்றது இதுதான்: பேரிடருக்குப் பின் உண்மையைச் சொல்வதும் பேரிடர் மேலாண்மையின் ஒரு பகுதி. இழந்த உயிரைத் திருப்பித் தர முடியாது. உண்மையையாவது தர வேண்டும்.

மான்செஸ்டர்: ஒரே மனிதர் மீது எல்லாச் சுமையும்

இத்தனை பாடங்களுக்குப் பின்னரும் பிழை நேரவே செய்கிறது. 2017ஆம் ஆண்டு மே 22, இரவு 10.31. மான்செஸ்டர் நகரின் இசையரங்கில் நிகழ்ச்சி முடிந்து மக்கள் வெளியேறும் வேளையில் தற்கொலைக் குண்டு வெடித்து 22 பேர் கொல்லப்பட்டார்கள். காவல் கட்டுப்பாட்டு அறையில் அன்றிரவு பொறுப்பதிகாரி ஒருவர். துப்பாக்கி ஏந்திய காவலர்களை அனுப்புவதும், மற்றத் துறைகளுக்குத் தகவல் தருவதும், வரும் தொலைபேசிக்குப் பதில் சொல்வதும் அவர் பணியே. ஆயுதம் ஏந்தியவர்கள் இன்னும் நடமாடலாம் என்று கருதி, அதற்கென வகுக்கப்பட்ட திட்டத்தை 10.47க்கு அவர் அறிவித்தார். ஆனால் அந்த அறிவிப்பை ஆம்புலன்ஸ் சேவைக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்லவில்லை. அவரைத் தொலைபேசியில் பிடிக்கவும் முடியவில்லை. தீயணைப்பு வீரர்கள் நிகழ்விடத்திற்கு வந்து சேர்ந்தபோது இரண்டு மணி நேரத்திற்கு மேல் கடந்திருந்தது.

இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஓராண்டுக்கு முன், 2016ஆம் ஆண்டு மே மாதத்தில், அதே வட்டாரத்தில் பெரிய ஒத்திகை ஒன்று நடந்தது. அந்த ஒத்திகையிலேயே, பொறுப்பதிகாரியின் சுமை மிகுதி என்பதும், துறைகளுக்கிடையே தகவல் தாமதமாகிறது என்பதும் தெரிந்துவிட்டன. சரிசெய்வதற்குள் உண்மையான இரவு வந்துவிட்டது.

அதே ஒத்திகையில் இன்னொன்றும் நடந்தது. குண்டு வைப்பவராக நடித்தவர் தக்பீர் முழங்கும்படி அமைத்திருந்தார்கள். முஸ்லிம்கள் வருந்தினார்கள், காவல்துறை தவறென்று ஒப்புக்கொண்டு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. ஆபத்து வேளையில் எல்லா மக்களின் ஒத்துழைப்பும் வேண்டும். அந்த ஒத்துழைப்பை முன்கூட்டியே புண்படுத்திவிட்டால் வேண்டிய நேரத்தில் பெற முடியாது. மக்களும் காவல்துறையை எப்போதும் பகையாகவே பார்த்தால் இழப்பு இருதரப்புக்கும்தான்.

என் சொந்த அனுபவம்

பிறர் குறையையே பேசிக் கொண்டிருப்பது நேர்மையாகாது. நான் உதவி ஆய்வாளராக இருந்தபோது, ஓர் ஊரில் பெருந்திருவிழா. குறுகிய தெருவில் கூட்டம் அடைபட்டுப் பெண்கள் அலறினார்கள். பக்கவாட்டில் ஒரு கதவு இருந்தது. நான் சற்றும் எண்ணாமல் "திறங்கள்" என்று கத்தினேன். திறந்தார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்தது. உள்ளேயிருந்த முற்றம் நிறைந்திருந்தது எனக்குத் தெரியாது. ஒரு மூதாட்டி விழுந்து கை முறிந்தார்.

உயிரிழப்பு நேராமல் காத்தவர் நான் அல்லன். முற்றத்தின் வாயிலில் நின்ற ஏட்டு ஒருவர், இரு கைகளையும் விரித்து வழியை மறித்து, வந்தவர்களையெல்லாம் பின்புறத் தோட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டார். அன்றிரவு அவர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, கதவைத் திறக்கும் முன்னே அது எங்கே போய் முடியுதுன்னு பார்க்கணும்" என்றார். அவ்வளவுதான். பல ஆண்டுகளுக்குப் பின் ஹில்ஸ்பரோ விசாரணை அறிக்கையைப் படித்தபோது என் கை நடுங்கியது. அந்த ஏட்டு இல்லாதிருந்தால் நானும் அந்தத் தலைமை அதிகாரியின் நிலையில் நின்றிருப்பேன்.

நமது மண்ணும் நமது மக்களும்

1992ஆம் ஆண்டு கும்பகோணம் மகாமகத்தில் நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் மாண்டதை மூத்தோர் அறிவார்கள். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூரில் நடந்த அரசியல் கூட்டத்தில் 41 பேர் மாண்டார்கள். ஹஜ்ஜின்போது 1990இல் மினா அருகே சுரங்கப் பாதையில் 1,426 பேரும், 2006இல் ஜமராத் பாலத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தார்கள். அதன்பின் பழைய பாலத்தை இடித்து, பல அடுக்குகள் கொண்டதாகவும், போவோரும் வருவோரும் எதிரெதிரே மோதாதவாறும் புதிய பாலம் கட்டினார்கள். அப்படியிருந்தும் 2015இல் பாலத்திற்கு வெளியே, மினாவின் தெருவில் மீண்டும் பெருந்துயரம் நேர்ந்தது. கட்டடம் மட்டும் போதாது. கூட்டத்தின் ஓட்டத்தை வேளைதோறும் கவனிக்கும் கண்களும் வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை நிற்கும்போது மனிதர் தம் விருப்பப்படி அசைய முடியும். ஆறு, ஏழு என்று உயர்ந்தால் கூட்டம் தண்ணீரைப் போல அலையடிக்கத் தொடங்கும். தனிமனிதர் தம் வசத்தில் இருக்கமாட்டார். தொழுகையில் வரிசையாக நிற்கும்போது நமக்கு ஆபத்தில்லை. ஒருவருக்கு ஒரு விரிப்பளவு இடம் இருக்கிறது. தொழுகையும் குத்பாவும் முடிந்து, அனைவரும் ஒரே நேரத்தில் எழுந்து, செருப்புக் கிடக்கும் ஒரே வாசலை நோக்கி நடக்கும் அந்தப் பத்து நிமிடங்களே ஆபத்தானவை.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே காவல் நிலையத்திற்கும் தீயணைப்பு நிலையத்திற்கும் சென்று திடலின் வரைபடத்தைத் தாருங்கள். அனுமதிக் கடிதம் கொடுப்பதோடு நின்றுவிட வேண்டாம். ஆய்வாளரை அழைத்து வந்து வாசல்களைக் காட்டுங்கள்.

இரண்டு: திடலின் மேற்குப் பக்கக் கதவு ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கிறது. அதன் சாவி யாரிடம் என்று இப்போது கேட்டால் இந்த அவையில் மூன்று விதமான பதில் வரும். அன்று காலை அது திறந்திருக்க வேண்டும். அதனருகே ஒருவர் நிற்க வேண்டும். அந்தக் கதவுக்கு வெளியே உள்ள சந்தில் வாகனம் நிறுத்தக் கூடாது.

மூன்று: செருப்புகளை ஒரே வாசலில் குவிக்காமல் மூன்று இடங்களில் வைக்கச் செய்யுங்கள். சிறிய ஏற்பாடு, பெரிய பலன்.

நான்கு: தொண்டர்களில் ஒருவரை மட்டும் பொறுப்பாளராக்குங்கள். அவர் சொல்வதே கட்டளை. தலைவராயினும், என்னைப் போன்ற ஓய்வுபெற்ற அதிகாரியாயினும், அந்த நேரத்தில் அவருக்குக் கட்டுப்பட வேண்டும். ஒலிபெருக்கி அவர் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கட்டும்.

ஐந்து: ஒரு வண்டி வந்து திரும்பும் பாதையைக் கயிறு கட்டிக் காலியாக வைத்திருங்கள். ஆபத்தென்றால் 112, ஆம்புலன்ஸுக்கு 108. அழைப்பவர் முதலில் இடத்தையும் வரும் வழியையும் சொல்ல வேண்டும்; அழுகை பிறகு.

ஆறு: ஒவ்வோர் ஆண்டும் என்ன கற்றோம் என்பதை ஒரு பக்கத்திலாவது எழுதி ஜமாஅத் கோப்பில் வையுங்கள். நிர்வாகம் மாறும், ஏடு மாறாது.

சகோதரர்களே, இவற்றுக்கெல்லாம் பெருஞ்செலவு இல்லை. ஒரு சாவியும், சில முழம் கயிறும், ஒரு மாலைப்பொழுதின் ஆலோசனையும் போதும். நாம் ஒன்றும் நேராது என்று நம்புகிறோம். ஒன்றும் நேராமலே போகட்டும். அப்படிப் போனால் இந்த ஏற்பாடுகள் வீண் என்று எவரும் எண்ண வேண்டாம். ஒன்றும் நேராமல் எல்லோரும் வீடு திரும்பிப் பிள்ளைகளோடு அமர்ந்து உண்பதுதான் அந்த ஏற்பாட்டின் வெற்றி. அந்த வெற்றியைச் செய்தித்தாள் எழுதாது. நாம் அறிவோம், இறைவன் அறிவான்.

அடுத்த பெருநாளுக்கு முன் அந்த மேற்குக் கதவின் சாவியைச் செயலாளர் அவர்களின் கையில் காண்பேன் என்ற நம்பிக்கையுடன் விடைபெறுகிறேன்.